விரலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

அம்பாசமுத்திரம்
12-6-97

பொம்மி,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாய் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் இருக்கிறோம். உங்கள் அப்பா போன பிறகு சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். சாரல் தொடங்கிவிட்டது.

இப்பவும், மாப்பிள்ளையின் சிநேகிதர் கையில் நீ கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் நிம்மதி இல்லை. கண் தெரியாத பிள்ளைக்கு அப்பாவுக்குப் பதில் இனி இது வாசித்துக் காட்டும் என்று எழுதியிருந்தாய். அப்பா வாசித்தால் பக்கத்தில் இருக்கிற எனக்கும் பாதி புரியும். இது சளி பிடித்த வெள்ளைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி விடாமல் பேசுகிறது.

பெட்டி வந்த மறுநாளே அடுத்த வீட்டுப் பாலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, வீட்டுக்கு யாரு வந்திருக்காவ?"

"யாரும் வரலியே."

"ஆம்பளச் சத்தம் கேக்கே. காலம்பறயும் கேட்டுது, இப்பமும் கேக்கு."

"அது பெட்டி, பாலம்மா. பொம்மி அனுப்புன பெட்டி."

"பெட்டியா? பெட்டி எதுக்கு மைனி இங்கிலீசுல கோவப்படுது?"

தாலி இறக்கி மூன்று மாதம் ஆன வீட்டில் ஆம்பளைக் குரல் கேட்டால் தெரு சும்மா இருக்குமா? உள்ளே கூட்டிப் போய்ப் பெட்டியைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய், தெரு முழுக்க நல்லபடியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொருத்தியாய் வந்து பார்க்கிறாள். வருகிறவளுக்கெல்லாம் காப்பி போட்டே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

பெட்டியில் அமுக்குகிற கட்டை ஆறு இருக்கிறது. முன்னால் ஒரு வரி நீளத்துக்கு ஊசி ஓட்டைகள். நீ உள்ளே ஏற்றி அனுப்பிய புத்தகமெல்லாம் அதில் புள்ளியாய் எழும்புகிறது, தம்பி தடவிப் படிக்கிறான். சரி. கை படிப்பதையே அந்தக் குரலும் படிக்கிறது. குரல் படிப்பதையே கையும் படிக்கிறது. ஒன்று போதாதா? ஒரே குழம்பை ரெண்டு சட்டியில் வைக்கிற மாதிரி இது என்ன வழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

களக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை காலியாக இருக்கிறது என்று பேப்பரில் வந்திருந்ததாம். தம்பி எழுதிப் போட்டிருக்கிறான். எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது? அந்த வேலை கிடைத்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். எனக்குப் பிறகு யார் கையை எதிர்பார்ப்பான்? அதனால் பெட்டி எத்தனை கத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தத்தைக் குறைக்க எதைத் திருக வேண்டும் என்று எழுது.

காது வலியுடன்,
அம்மா

*

நியூஜெர்சி
8-7-97

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பாலம்மா அக்காவை நினைத்து நானும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு, நீ அங்கே ஒருத்தியாக இருந்து அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாயே என்று நினைத்தேன். சிரிப்பு போய்விட்டது.

இரண்டு சட்டி எதற்கு என்று கேட்டாய். காதால் மட்டும் கேட்டால் கதை தெரியும், எழுத்து தெரியாது. ஒரு பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள், வாக்கியம் எங்கே நிற்கிறது, எங்கே மறு பத்தி தொடங்குகிறது, இதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். ஆனால் விரல் மெதுவாகப் போகும். குரல் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்தால் நாம் கண்ணால் படிக்கிற வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். வாத்தியார் வேலைக்குப் போகிறவனுக்கு எழுத்தும் வேண்டும், வேகமும் வேண்டும். அதனால்தான் இரண்டும் உள்ள பெட்டியாகத் தேடி வாங்கினேன்.

சத்தத்தைக் குறைக்கிற திருகு இடது பக்கம் இருக்கிறது. பெட்டிக்குள் காதில் மாட்டுகிற கருவியும் வைத்திருந்தேனே, அதை மாட்டிக்கொண்டால் வீட்டில் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்காது. தம்பி அதை ஏன் மாட்டவில்லை?

வருகிற ஞாயிறுகளில் வன்னியராஜ் டெலிபோன் பூத்துக்குக் காலை ஒன்பது மணிக்குப் பேசுகிறேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. அப்பா காரியத்துக்கு வந்து போனபிறகு அவன் குரலையே நான் கேட்கவில்லை.

அன்புடன்,
பொம்மி

*

அம்பாசமுத்திரம்
2-8-97

பொம்மிக்கு,

உன் கடிதத்தையும் பார்த்தேன், பூத்தில் உன் குரலையும் கேட்டேன். நல்லபடியாய் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இங்கே ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. எனக்கு முழங்கால் வலி தவிர வேறு ஒன்றும் இல்லை.

தம்பி வராததற்கு நான் என்ன செய்ய? முதல் ஞாயிறு தலைவலி என்றான். அடுத்த ஞாயிறு, "நீ போய்ப் பேசும்மா, நான் என்னத்தப் பேச" என்றான். போன வாரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசல்படி வரைக்கும் வந்துவிட்டு, பூத்தில் கூட்டமாய் இருக்கிறது என்று திரும்பிவிட்டான். கூட்டம் இருக்கிறது என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? அங்கே வன்னியராஜும் ஒரு நாயும்தான் இருந்தார்கள்.

திருகைக் காட்டிக் கொடுத்தாயே, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். திரும்பி வருவதற்குள் முழுச் சத்தத்தில் வைத்திருப்பான். காதில் மாட்டுகிற கருவியை மாட்டினால் காது குடைகிறதாம். பின் வீட்டுப் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்.

"ஏலே குமரு! அந்த வெள்ளைக்காரன எப்பம்லே கப்பல் ஏத்தப் போற? சுதந்திரம் வாங்கி அம்பது வருசம் ஆயாச்சுலே!"

இவன் வாயே திறக்கவில்லை. பெரியவர் கேட்கிறார், ஒரு மரியாதைக்காவது சிரிக்க வேண்டாமா? கல்லு மாதிரி இருந்தான். நான்தான் வேலிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தமிழில் ஏதாவது எழுதினால் இன்னும் கூத்து. புள்ளி தமிழாய்த்தான் இருக்கிறதாம், அவன் விரலுக்குத் தெரிகிறதாம். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாதே. தமிழ்ப் புள்ளியையும் இங்கிலீஷ் என்று நினைத்து வாசிக்கிறது. அம்மா என்று எழுதினால் அம்மார் என்கிறது. அப்பா என்றால் அப்பார். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை இப்படி ஏலம் போட்டதில்லை.

சாப்பிடக் கூப்பிட்டால் வருவது கிடையாது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிட்டு எழுந்து, "என்னம்மா, கூப்பிடக் கூடாதா?" என்று என் மேலேயே எரிந்து விழுகிறான். தொண்டை வற்றக் கூப்பிட்டுவிட்டு இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பா செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை, நான் அனுபவிக்கிறேன்.

நீ ஒரு கண்டிப்பான கடிதம் அவனுக்கு எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

தொண்டை கட்டிய நிலையில்,
அம்மா

*

நியூஜெர்சி
25-8-97

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள். ஆற்றுப் படியில் தனியே இறங்காதே.

தம்பிக்குக் கண்டிப்பாக எழுதச் சொன்னாய். எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. உன் கடிதத்தையே மூன்று நான்கு தடவை படித்தேன். உன்னிடம் சில விஷயம் கேட்கிறேன். கோபப்படாமல் பதில் எழுது.

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா?

யாராவது பேசும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறானா?

பேசவே பிடிக்காமல் போனை வேண்டாம் என்கிறானா, இல்லை போனில் கேட்பது அவனுக்குச் சிரமமாக இருக்கிறதா?

அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று எனக்கு ஞாபகம். ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். நாம் கூப்பிட்டால் எரிந்து விழுவார்கள். பாளையங்கோட்டையில் நல்ல காது டாக்டராகப் பார்த்துத் தம்பியைக் கூட்டிப் போ. தள்ளிப் போடாதே. உடனே பதில் எழுது.

அன்புடன்,
பொம்மி

*

அம்பாசமுத்திரம்
14-9-97

பொம்மிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் நன்றாய் இருப்பது சந்தோஷம். இங்கே கார் நெல் அறுப்பு நடக்கிறது. ரோடு முழுக்க வைக்கோல். பஸ்ஸில் ஏறினால் தும்மல்.

இந்த வருஷம் நம் வீட்டில் கொலு கிடையாது. பொம்மைகளைப் பரண்மேல் இருந்து இறக்கவில்லை. பாலம்மாள் கேட்டாள், செட்டியார் பொம்மைகளை மட்டும் இரவல் கொடுத்தேன்.

பெட்டியின் சத்தத்தைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம். குரலை அவனே நிறுத்திவிட்டான். இப்போது விரலால் மட்டும்தான் படிக்கிறான். வீடு அமைதியாய் இருக்கிறது. "என்ன மைனி, விருந்தாளு ஊருக்குப் போயாச்சா?" என்று பாலம்மாள் கேட்டாள். போயாச்சு என்றேன்.

மாப்பிள்ளைக்கு நார்த்தங்காய் ஊறுகாய் பிடிக்குமா? யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

அம்மா

*

நியூஜெர்சி
4-10-97

அம்மா,

நலம். நான் கேட்டது ஊறுகாயைப் பற்றி இல்லை.

பொம்மி

*

அம்பாசமுத்திரம்
9-11-97

பொம்மி,

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளியைப் போட்டுக்கொள். இங்கே தீபாவளி நமக்கு இல்லை. தெரு வெடித்ததை வீட்டுக்குள் இருந்து பார்த்தேன்.

நீ மூன்று கேள்வி கேட்டாய். மூன்றிலும் நீ பயந்தது சரிதான். போதுமா?

எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆடியிலேயே தெரியும். பித்தளைத் தாம்பாளம் என் கை தவறி அவன் பின்னால் விழுந்தது. பாலம்மாள் அவள் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். இவன் திரும்பவில்லை. அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் உனக்குச் செல்லம், திமிர் என்றெல்லாம் எழுதினேன். உங்கள் அப்பா கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஹார்ன் அடித்தேன் என்று அவர்கள்மேல் மோதிய அந்த பஸ் டிரைவர் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். அடித்திருப்பான். அடித்ததை அவன் கேட்டான், ரோட்டில் நின்றவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. அதே வியாதி இந்தப் பிள்ளைக்கும் என்று நான் எப்படி எழுத? கண்ணைக் கொடுக்காத சாமி காதையும் கேட்கிறது என்று யார் கையால் எழுத?

பாளையங்கோட்டைக்குப் போய் வந்தோம். டாக்டர் நல்ல மனுஷன். காது நரம்பு வாடிக்கொண்டே வருகிறதாம், இன்னும் வாடுமாம். வலது காதில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, மிஷின் வைத்தாலும் ரொம்ப நாள் நிற்காது என்றார். பெட்டியை அத்தனை சத்தமாய் வைத்தது இதற்குத்தான். பிறகு அதுவும் எட்டாமல் போகவே, குரலை நிறுத்திவிட்டு விரலோடு இருந்துவிட்டான். எனக்குத் தெரியக் கூடாது என்று அவன் நடித்தான். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நான் நடித்தேன். ஒரே வீட்டில் ரெண்டு கூத்துக்காரர்கள்.

கத்திக் கத்தி எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒருநாள் அவன் கையைத் தட்டிவிட்டு, பெட்டியை என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் புள்ளி எழுத்தில் பாதி எனக்குத் தெரியும் என்று ஒரு இறுமாப்பு. உங்கள் அப்பா இரும்புச் சட்டத்தில் தாளை வைத்து ஊசியால் இவனுக்குப் பாடம் குத்துவார்களே, வருஷக்கணக்காய்ப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆறு கட்டையில் தேடித் தேடி, "சாப்பிட வா" என்று அமுக்கினேன். அவன் விரலை இழுத்து அந்த வரியில் வைத்தேன்.

தடவினான். மறுபடியும் தடவினான். "யம்மா, இது எந்த ஊரு பாசை?" என்றான்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அப்பா குத்துவது தாளின் முதுகுப் பக்கமாம். திருப்பினால்தான் புள்ளி எழும்பும், திருப்பினால் இடம் வலம் மாறிவிடும். நான் இத்தனை வருஷமும் முதுகுப் பக்கத்தைப் பார்த்தே எழுத்துப் படித்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாமே மாறிக் கிடக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், பொம்மி. அப்பா போனபிறகு இந்த வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம். எனக்கு எரிச்சல். சோறு ஆறுகிறது, இவனுக்குச் சிரிப்பு.

இப்போது திருத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியதை நான் அமுக்குகிறேன், அவன் விரலால் வாசித்து வாயால் பதில் சொல்கிறான். என் விரல் முட்டி எல்லாம் வலி.

களக்காட்டிலிருந்து நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. தை பிறந்ததும் போக வேண்டும். காதில் மிஷினை வைத்து, தலைமுடியை இழுத்து விட்டு, வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்துச் சமாளித்துவிடலாம் என்று இருக்கிறேன். காதைப் பற்றி யாருக்கும் மூச்சு விடக் கூடாது. நீயும் யாருக்கும் எழுதாதே.

அம்மா

*

நியூஜெர்சி
2-12-97

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. இங்கே பனி. நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் விரல் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஆனால் நீ போட்டிருக்கிற திட்டம் நடக்காது அம்மா. முடியை இழுத்து விட்டால் அவர்கள் கேட்கிற கேள்வி அவன் காதில் விழுந்துவிடுமா? விழாமலே தலையை ஆட்டுவான். "உங்கள் பெயர் என்ன" என்று கேட்டால் "ஆமாம் சார்" என்பான். அப்பா கடைசி இரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் அப்படித்தான் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் ஆமாம். தம்பியை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதே.

உள்ளே போனதும் அவனே சொல்லட்டும், கண்ணும் இல்லை, காதும் இல்லை என்று. பிறகு பெட்டியை மேஜைமேல் வையுங்கள். அவர்கள் கேட்பதை நீ அமுக்கு. வேலை கிடைக்காவிட்டால் போகட்டும். மறைத்து வாங்கினால் முதல் நாள் வகுப்பிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டான்.

இதை அவன் விரலுக்கு அப்படியே அமுக்கிக் காட்டு. உனக்குப் பிடிக்காத வரிகளை விட்டுவிடாதே.

பொம்மி

*

அம்பாசமுத்திரம்
25-1-98

பொம்மி,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு அலைச்சலில் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. தம்பி நன்றாய் இருக்கிறான்.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அமுக்கினேன். பிடிக்காத வரியையும் சேர்த்துத்தான். வாசித்து முடித்து, "அக்கா சொல்லுததுதான் சரி" என்றான். அக்காவும் தம்பியும் ஒன்று சேர்ந்தால் நான் யார்? உன் மேல் வந்த கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

களக்காட்டு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். நடத்துநர் டிபன் பெட்டி என்று நினைத்து மேலே போடச் சொன்னார். சண்டை போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செயலாளர், தேவசிகாமணி என்று பேர், வெள்ளை மீசை. பக்கத்தில் ஹெட்மாஸ்டர். இன்னொருத்தர் யாரென்று தெரியவில்லை, முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நானும் கூடவே நுழைந்து உட்கார்ந்ததும் செயலாளர் என்னைப் பார்த்து, "ஏம்மா, வேலை உங்களுக்கா, பிள்ளைக்கா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்து நின்றுவிட்டான். "சார், எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. நீங்க கேக்கதை எங்க அம்மா இதுல அமுக்குவா. நான் விரலால வாசிச்சுப் பதில் சொல்லுவேன்."

முறுக்குத் தின்றவர்கூட நிறுத்திவிட்டார்.

செயலாளர் முதலில் எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். அமுக்கினேன். எனக்கு இருந்த பதற்றத்தில் குரலை நிறுத்த மறந்துபோனேன் பொம்மி. நான் அமுக்கிய தமிழை எல்லாம் அது வெள்ளைக்காரன் மாதிரி முழங்குகிறது. ஆர், ஆர் என்று ஒரே கர்ஜனை. அறை முழுக்கச் சிரிப்பு. தம்பிக்கு எதுவும் தெரியாது. அவன் பாட்டுக்கு வாசித்துவிட்டு, நிதானமாய், சுத்தமாய்ப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. எதைத் திருகுவது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் நீளமாய் ஒன்று கேட்டார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"ஐயா, நான் அஞ்சாங் கிளாசு. எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்களே அமுக்குங்க" என்றேன். தம்பிக்கு ஹெட்மாஸ்டர் கேட்கிறார் என்று மட்டும் அமுக்கிவிட்டு, பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். கோபத்தில்தான் தள்ளினேன்.

தம்பி ஒரு கெட்டி அட்டையில் எந்த எழுத்துக்கு எந்தக் கட்டை என்று பிச்சைக்கண்ணு அண்ணாச்சியை விட்டு எழுதி வாங்கி வைத்திருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து ஹெட்மாஸ்டர் ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு கட்டையாய்த் தட்டினார். எழுத்துக்குரிய கட்டைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தம்பி புள்ளி வரிமேல் கையை வைத்துக் காத்திருந்தான்.

"சார், கமா மட்டும்தான் வருது. கேள்வி இன்னும் வரல."

செயலாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ஹெட்மாஸ்டரே, நீரு பெயிலு வே!"

தம்பி எழுந்து, மேஜையைத் தடவிக்கொண்டே போய், ஹெட்மாஸ்டர் விரல்களைப் பிடித்துக் கட்டைமேல் வைத்து, இது ஒன்று, இது ரெண்டு, இப்படிச் சேர்த்து அமுக்கணும் என்று காட்டிக் கொடுத்தான். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். கடைசியில் கேள்வி முழுசாய் வந்தது. தம்பி இங்கிலீஷில் ரொம்ப நேரம் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் கடைசியாய் ஒன்று கேட்டார். அதை நான்தான் அமுக்கினேன். "வகுப்புல நாப்பது பிள்ளை இருக்கும். ஒருத்தன் சந்தேகம் கேட்டா ஒமக்கு எப்படித் தெரியும்? அம்மா தினமும் வருவாளா?"

"வேண்டாம் சார். ஹெட்மாஸ்டரே இப்பம் கத்துக்கிட்டாரே. பிள்ளைக அவரவிட வெரசாக் கத்துக்கும்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் பேசுகிற பேச்சா இது? வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் இருந்த பையெல்லாம் கீழே விழ, அவனை அமுக்கு அமுக்கென்று அமுக்கித் திட்டினேன். முழுத் திட்டையும் பொறுமையாய்த் தடவிப் படித்துவிட்டு, "யம்மா, ரெண்டு எழுத்து தப்பு" என்றான்.

எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எழுதுவார்களா என்று தெரியாது. எல்லாம் உன்னால்.

அம்மா

*

நியூஜெர்சி
16-2-98

அன்புள்ள அம்மாவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? உன் கடிதத்தை இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கமா வருகிற இடத்தில் எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. வேலை வந்தாலும் வராவிட்டாலும் நீ தம்பியைத் திட்டாதே, என்னைத் திட்டு.

ஒரு விஷயம். பெட்டி செய்கிற கம்பெனியில் கேட்டேன். குரலே இல்லாத பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம். அதில் புள்ளி வரி இதைப்போல இரண்டு மடங்கு நீளம். ஒரு தடவலில் ஒரு முழு வாக்கியம் கிடைக்கும், அடிக்கடி வரி மாற்ற வேண்டாம். பழையதைக் கொடுத்தால் மாற்றித் தருகிறார்கள். தம்பிக்கு இனிமேல் குரல் எதற்கு? இவருடைய சிநேகிதர் சித்திரையில் ஊருக்கு வருகிறார். அவரிடம் பழைய பெட்டியைக் கொடுத்துவிடு.

அப்பா திவசத்துக்கு என்னால் வர முடியாது. லீவு கேட்டுப் பார்த்தேன்.

பொம்மி

*

அம்பாசமுத்திரம்
22-3-98

பொம்மி,

நீயும் மாப்பிள்ளையும் நன்றாய் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வருஷம் திரும்பிவிட்டது. திவசம் நல்லபடியாய் முடிந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன், தம்பி தடவித் தடவித் திருப்பிச் சொன்னான். ஐயருக்கு வேறு வீடு போக அவசரம். "இன்னும் ரெண்டு தர்ப்பணம் இருக்கு, சீக்கிரம் அமுக்குங்கோ மாமி" என்கிறார். என் விரலில் பவித்திரமா இருக்கிறது, வீக்கம் இருக்கிறது என்று சொன்னேன்.

களக்காட்டிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு வைத்துப் பார்ப்பார்களாம், அப்புறம் நிரந்தரம் பண்ணுவதைப் பற்றி யோசிப்பார்களாம். ஜூனில் சேர வேண்டும். தினமும் யார் பஸ் ஏற்றிவிடுவது, அங்கேயே வீடு பார்ப்பதா, ஒன்றும் முடிவாகவில்லை. இத்தனை நாள் வேலை கிடைக்குமா என்று தூக்கம் போனது. இனி கிடைத்த வேலையால் போகும். ஆனாலும் உங்கள் அப்பா படத்துக்குப் பூப் போட்டேன். பாலம்மாள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள், நான் கொடுக்கச் சொல்லவில்லை.

நீ எழுதியதை அவன் விரலுக்கு அமுக்கினேன். நீளமான வரி, குரல் இல்லாத பெட்டி, வேண்டுமா என்று. வேண்டாம் என்றான். "அக்கா மெனக்கெட்டு விசாரிச்சிருக்கா, வரி நீளமா இருந்தா உனக்குத்தானே லேசு" என்று அமுக்கினேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

டாக்டர் மறுபடியும் பார்த்துவிட்டார். வலது காதில் இருந்த பாக்கியும் போய்விட்டது. மிஷினைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, உத்தரவு வந்த அன்றிலிருந்து இவன் பெட்டியின் குரலை மறுபடி போட்டுவிடுகிறான். முழுச் சத்தம் வைப்பதில்லை, அளவாகத்தான். பாட்டரி வீணாய்ப் போகிறது என்று நிறுத்தினால், திரும்பவும் போடுகிறான்.

இன்றைக்குச் சாயங்காலம் பூத்தொடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் நடத்த வேண்டிய பாடத்தைப் படிக்கிறான். வலது கை புள்ளிமேல் போகிறது. இடது கையை விரித்து, குரல் வருகிற அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகள் மேல் பொத்தினாற்போல வைத்திருக்கிறான். குரல் வாசிக்கிறது, விரல் கூடவே போகிறது. வரி முடிந்து குரல் நின்றால் விரலும் நிற்கிறது. அது தொடங்கினால் இதுவும் தொடங்குகிறது. விரல் மட்டுமாய் இருந்தால் இதற்குள் முன்னால் ஓடியிருக்கும். ஓடவில்லை. உங்கள் அப்பா வாசிக்கக் காத்திருப்பானே, அதே மாதிரி விரல் அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

அவன் எழுந்து முகம் கழுவப் போனபோது நான் போய் என் கையை அங்கே வைத்துப் பார்த்தேன். குறுகுறு என்று ஒரு நடுக்கம். வேறு ஒன்றுமே இல்லை. கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தேன். எனக்கு நடுக்கத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

நீ படித்தவள், உலகம் பார்த்தவள். கையளவு நடுக்கத்தில் இந்தப் பிள்ளை என்னத்தைக் கேட்கிறான், பொம்மி?

அம்மா